நிறுவிய பிறகு என்ன? – லினக்ஸ் வழிகாட்டிகள் பற்றி ஒரு விமர்சனம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சிப்போ, அதன் பட்டியலில் உள்ள ப்ராசசரோ இல்லாத கணினிகள் ஏராளம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். கல்லூரி மாணவர்கள், சின்ன அலுவலகம் வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலதரப்பட்டவர்கள். அவர்கள் கையில் முதலில் கிடைப்பது லினக்ஸ் அல்ல, லினக்ஸ் பற்றிய ஒரு வழிகாட்டி. அந்த வழிகாட்டி சரியில்லை என்றால் "லினக்ஸ் நமக்கு ஒத்துவராதுப்பா" என்ற முடிவுக்கு ஒரே வாரத்தில் வந்துவிடுவார்கள். நாம் இழப்பது ஒரு பயனரை மட்டும் இல்லை. தன் மெஷினைத் தானே புரிந்துகொள்ள முடியும் என்று நம்பி வந்த ஒருவரை இழக்கிறோம்.

எனவே, இந்த வழிகாட்டிகளை ஒரு இலக்கிய வகை போல எடுத்துக்கொண்டு விமர்சித்தால் என்ன என்று தோன்றியது. என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: வழிகாட்டியைப் படித்து முடித்தவர், அதில் சொல்லப்படாத ஒரு சிக்கலைத் தானாகச் சமாளிக்க முடிகிறதா? முடிந்தால் அது பாடம். முடியாவிட்டால் அது வெறும் சமையல் குறிப்பு. சமையல் குறிப்பு தப்பில்லை. ஆனால் உப்பு கூடிப்போனால் என்ன செய்வது என்று அதில் இருக்காது.

நிறுவலே பாடமாக இருந்த காலம்

லினஸ் டோர்வால்ட்ஸ் தன் திட்டத்தை அறிவித்தது 1991 ஆகஸ்டில். ஸ்லாக்வேர், டெபியன் இரண்டும் 1993-இல் வந்தன. அந்தக் காலத்துப் புதியவர்களுக்கான முக்கியமான கையேடு, லினக்ஸ் ஆவணத் திட்டத்துக்காக மேட் வெல்ஷ் எழுதிய 'லினக்ஸ் இன்ஸ்டலேஷன் அண்ட் கெட்டிங் ஸ்டார்ட்டட்'. இன்று அதை எடுத்துப் படித்தால் சிரிப்பு வரும். ஃப்ளாப்பி டிஸ்குகள், லிலோ பூட் லோடர், மானிட்டரின் அலைவரிசை எண்களைத் தேடி அலைவது என்று எல்லாமே காலாவதியான சங்கதிகள்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் அமைப்பைப் பாருங்கள். நிறுவல், யூனிக்ஸ் அடிப்படைப் பாடம், கணினி நிர்வாகம் எல்லாம் ஒரே தொடர்ச்சியாக வரும். எஃப்டிஸ்க் கொண்டு வட்டைப் பிரிக்க வேண்டும், ஸ்வாப் பகுதியை உருவாக்க வேண்டும், ஃபைல் சிஸ்டத்தைப் போட வேண்டும், பிறகு அதை மவுண்ட் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கையால் செய்தவருக்கு "வட்டு வேறு, அதன் மேல் எழுதப்பட்ட ஃபைல் சிஸ்டம் வேறு, அது மரத்தில் ஒட்டப்படும் இடம் வேறு" என்ற மூன்று விஷயங்களும் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். கஷ்டம்தான் ஆசிரியர்.

இதைச் சொன்னவுடனே "அந்தக் காலம் பொற்காலம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள் சிலர். நான் அந்தக் கட்சி இல்லை. அந்தக் கஷ்டத்தில் கற்றவர்களைவிடப் பாதியில் ஓடிப்போனவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள். எண்ணை மாற்றித் தட்டியதால் வட்டில் இருந்ததெல்லாம் போனவர்கள் கதையை யாரும் புத்தகமாக எழுதவில்லை.

பாடம் காணாமல் போனது

உபுண்டுவின் முதல் வெளியீடு 2004 அக்டோபரில். 2006-இல் வந்த 6.06 பதிப்பில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. வட்டில் எதையும் தொடாமல் குறுவட்டிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கிருந்தே மவுஸால் க்ளிக் செய்து நிறுவலாம் என்ற நிலை வந்தது. இன்று அந்தக் குறுவட்டின் இடத்தில் பென்டிரைவ். மொழி, கீபோர்டு, நேர மண்டலம், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் லினக்ஸ் தயார். இது பெரிய சாதனை. இதில் எனக்குத் துளியும் குறை இல்லை.

குறை வழிகாட்டிகள் மேல்தான். நிறுவல் எளிதான பிறகு, முன்பு நிறுவலுக்குள் ஒளிந்திருந்த பாடத்தை எடுத்து வேறெங்காவது வைத்திருக்க வேண்டும். யாரும் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, விளக்கமே தேவைப்படாத திரைகளுக்கு முப்பது ஸ்கிரீன்ஷாட் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் "நெக்ஸ்ட் அழுத்தவும்" என்று எழுதிவிட்டார்கள். விளக்கம் உண்மையில் தேவைப்படும் திரை ஒன்றே ஒன்றுதான்: வட்டு முழுவதையும் அழிக்கவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் வைக்கவா, நீயே பிரித்துக்கொள்கிறாயா என்று கேட்கும் திரை. அங்கேயும் ஒரு வரிதான்.

அந்த ஒரு திரைக்கு முன்னால் சொல்ல வேண்டியவை எத்தனை! முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகல் எடுத்தாயிற்றா? விண்டோஸில் பிட்லாக்கர் இருக்கிறதா, அதன் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா? விண்டோஸ் பகுதியைச் சுருக்குவதாக இருந்தால், அதை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வது பாதுகாப்பு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்க வேண்டும், ஏனென்றால் அது இருக்கும்வரை விண்டோஸ் முழுசாக மூடப்படுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. தூங்குகிறவன் கையிலிருக்கும் நோட்டுப் புத்தகத்தில் இன்னொருவர் எழுதினால் குழப்பம்தான். இந்த "ஏனென்றால்" இல்லாத வழிகாட்டியைப் பின்பற்றுபவர், அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் அந்த வசதி மறுபடி முளைத்தால் ஒன்றும் புரியாமல் விழிப்பார்.

இன்னொரு நல்ல உதாரணம், இந்தியப் பயனர்களுக்கென்றே வாய்த்தது. இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர் லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குப் போனால், காலை 10 மணிக்கு கடிகாரம் 4.30 காட்டும். வைரஸோ, பேட்டரி கோளாறோ என்று பதறுவார்கள். காரணம் எளிமையானது. மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசி-யை எழுதி வைத்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளும். ஒரே சுவர்க் கடிகாரத்தை இருவர் இரண்டு வழக்கப்படி படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

வழிகாட்டிகளில் இதற்கு விடை, டெர்மினலில் ஒட்டச் சொல்லி ஒரு வரிக் கட்டளை. ஒட்டினால் சரியாகிவிடும். ஆனால் அந்தக் கட்டளை லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுகிறது. அப்படி மாற்றிய பிறகு நிலவரத்தைக் கேட்டால், இந்த முறை பரிந்துரைக்கப்படுவதில்லை என்று டைம்டேட்சிடிஎல் தானே எச்சரிக்கும். விண்டோஸை யுடிசி-க்கு மாற்றுவது இன்னொரு வழி. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் தேர்வு ஒன்று இருக்கிறது என்பதே ஒட்டியவருக்குத் தெரியாது.

"முக்கியமான 50 கட்டளைகள்"

நிறுவல் முடிந்ததும் வருவது இந்தப் பட்டியல். எல்.எஸ்., சி.டி., சி.பி., எம்.வி., ஆர்.எம். என்று ஒவ்வொன்றுக்கும் அரை வரி விளக்கம். பள்ளியில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்த நமக்கு இது பழகின வடிவம்தான். ஆனால் வாய்ப்பாட்டுக்குப் பின்னால் பெருக்கல் என்ற ஒரு கருத்து இருந்தது. இங்கே கருத்து எது?

வேலைக்கு வரும் புதியவர்களிடம் "பர்மிஷன் டினைட்-னு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் பத்தில் எட்டு பேர் யோசிக்காமல் சொல்வது, "சூடோ போடுவேன் சார்." போட்டும் வரலைன்னா? "777 கொடுப்பேன்." பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்கள் படித்த பக்கங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன.

777 என்றால் என்ன? படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். ஆக 777 என்பது வீட்டுக் கதவு, பீரோ, நகைப்பெட்டி எல்லாவற்றையும் தெருவில் போகிற எல்லோருக்கும் திறந்துவைப்பது. "அப்படியாவது வேலை நடக்கட்டும்" என்பார்கள். நடக்காத இடமும் உண்டு. எஸ்எஸ்எச் ரகசியச் சாவிக் கோப்புக்கு 777 கொடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் படிக்க முடிகிற சாவியை நம்ப மாட்டேன் என்று எஸ்எஸ்எச் மறுத்துவிடும். அதிகம் திறந்ததால் வேலை நின்றுபோகும். இது 4, 2, 1 தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. 777 மட்டும் தெரிந்தவருக்கு ஒரு நாள் போய்விடும்.

இதே கதைதான் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் இரண்டுக்கும். பட்டியல்கள் இரண்டையும் ஜோடியாகவே எழுதும். முதலாவது, கடையில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கிறது, உங்கள் மென்பொருள் எதையும் அது தொடுவதில்லை. இரண்டாவதுதான் சரக்கை மாற்றுகிறது. இந்த வித்தியாசம் தெரிந்தால், பேக்கேஜ் மேனேஜர் என்றால் என்ன, விண்டோஸில் போல கண்ட இணையதளத்திலிருந்து செட்டப் ஃபைலை இறக்க வேண்டிய அவசியம் ஏன் இங்கே குறைவு என்பதெல்லாம் தொடர்ந்து புரியும். தெரியாதவர், எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி அப்படியே சூடோ-வுக்கு ஊட்டும் வரியையும் அதே நம்பிக்கையோடு ஒட்டுவார்.

சின்ன விஷயம் ஒன்று: சூடோ கேட்கும் கடவுச்சொல்லைத் தட்டும்போது பல கணினிகளில் திரையில் ஒரு நட்சத்திரம்கூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 50 கட்டளை எழுத இடம் இருக்கும் பக்கத்தில் இந்த ஒரு வரிக்கு இடம் இருப்பதில்லை.

ஆர்ச் விக்கி: நல்ல குறிப்பேடு, தப்பான பாடநூல்

இதற்கு மாற்றாகப் பலர் கைகாட்டுவது ஆர்ச் லினக்ஸின் நிறுவல் வழிகாட்டியை. ஆர்ச் தன் பழைய மெனு வடிவ நிறுவியை 2012-இல் கைவிட்டது. அதன் பிறகு எல்லாம் கையால்தான்: வட்டைப் பிரி, ஃபைல் சிஸ்டம் போடு, மவுண்ட் செய், அடிப்படைத் தொகுப்பை இறக்கு, சி.எச்.ரூட் செய்து உள்ளே போ, நேரம், மொழி, பெயர் கொடு, பூட் லோடர் போடு. ஒருவகையில் வெல்ஷ் காலத்துக் கஷ்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

விக்கியின் தரம் பற்றி இரண்டாம் கருத்து இல்லை. உபுண்டு பயனர்கள்கூடச் சிக்கல் வந்தால் அங்கேதான் போய் நிற்கிறார்கள். ஆனால் அந்த நிறுவல் பக்கம் புதியவரை மனதில் வைத்து எழுதப்பட்டது அல்ல. படிப்பவர் மற்ற பக்கங்களுக்குப் போய்ப் படித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சுருக்கக் குறிப்பு. பூட் லோடர் விஷயத்தில் அது செய்வது, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று வேறு பக்கத்துக்கு அனுப்புவதுதான். அந்த இணைப்புகளைத் தொடர்ந்து போய்ப் படிப்பவருக்கு அது ஒரு பல்கலைக்கழகம். வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, அதில் வரும் வரிகளை அப்படியே தட்டுகிறவருக்கு அதுவும் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்"தான். என்ன, மவுஸுக்குப் பதில் கீபோர்டு. கஷ்டப்பட்டோம் என்பதாலேயே கற்றுவிட்டோம் என்று ஆகாது. 2021-இல் ஆர்ச்செயின்ஸ்டால் என்ற ஸ்கிரிப்டை நிறுவல் வட்டிலேயே சேர்த்தபோது சிலர் மனம் நொந்தார்கள். எனக்கு அது நேர்மையான முடிவாகப் பட்டது. வெறுமனே தட்டுவது மட்டும்தான் வேலை என்றால் அதை ஸ்கிரிப்டே செய்யட்டுமே!

ஷாட்ஸின் புத்தகம்: கிட்டத்தட்ட சரி

என் அளவுகோலுக்கு மிக அருகில் வரும் நூல் வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்'. நோ ஸ்டார்ச் பதிப்பகம் 2012-இல் அச்சிட்டது, இரண்டாம் பதிப்பு 2019. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

இதுவும் கட்டளைகளைச் சொல்லும் புத்தகம்தான். ஆனால் கட்டளைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் நகர்கிறது. உதாரணமாக, நட்சத்திரக் குறி. எக்கோ என்று தட்டி ஒரு நட்சத்திரம் போட்டால் திரையில் நட்சத்திரம் வராது, அந்த அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்கள் வரும். ஏன்? எக்கோ கண்ணில் நட்சத்திரம் படவே இல்லை. அதற்கு முன்பே ஷெல் அதைப் பெயர்களாக விரித்துவிட்டது. இந்த ஒரு கருத்து புரிந்தால் ஆர்.எம். கட்டளையின் ஆபத்தும் புரியும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் தவறி ஒரு இடைவெளி விழுந்தால் அடைவு மொத்தமும் காலி. எனவே அழிக்கும் முன் அதே குறியை எல்.எஸ். கொடுத்துப் பார்த்துவிடு என்கிறார் ஷாட்ஸ். "ஜாக்கிரதை" என்று சிவப்பு எழுத்தில் போடுவதற்கும், ஜாக்கிரதையாக இருக்க ஒரு பழக்கத்தைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

குறைகளும் உண்டு. லினக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வைத்துத்தான் புத்தகம் தொடங்குகிறது. வைஃபை வரவில்லை, செக்யூர் பூட் மறுக்கிறது என்று வாசலிலேயே நிற்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. அளவும் பெரியது. நமக்கு முக்கியமான இன்னொன்று: அதன் உரிமம் வணிக நோக்கமற்ற, மாற்றங்கள் கூடாத வகை. அனுமதி வாங்காமல் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட முடியாது. ஆர்ச் விக்கியின் உரிமம் அதை அனுமதிக்கிறது.

தமிழ்ப் பயனருக்கு

தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுபவர்கள் உழைப்பு சாதாரணமானதில்லை. 2012-இல் தொடங்கிய கணியம் போன்ற முயற்சிகள் இல்லையென்றால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. இருந்தாலும் பொதுவாகத் தமிழில் வரும் லினக்ஸ் பாடங்கள் ஆங்கிலப் பட்டியல்களின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதனால் தமிழ்வழி படித்தவருக்கு மட்டுமே வரும் சிக்கல்கள் விடுபட்டுப் போகின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பெரிய எழுத்து–சின்ன எழுத்து. தமிழில் அப்படி ஒரு வேறுபாடே கிடையாது. விண்டோஸும் கோப்புப் பெயர்களில் அதைக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸில் பெரிய எழுத்தில் தொடங்கும் டவுன்லோட்ஸ் வேறு, சின்ன எழுத்தில் தொடங்குவது வேறு. முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

இரண்டு, நிறுவும்போது ஆசையாகத் தமிழைத் தேர்ந்தெடுப்பவர். அந்த மொழிக்கு மொழிபெயர்ப்பு இருக்கும் இடங்களில் வீட்டு அடைவின் உள்ளே உள்ள அடைவுப் பெயர்களும் மாறிவிடும். பாடத்தில் உள்ளபடி சி.டி. டவுன்லோட்ஸ் என்று தட்டினால் அப்படி ஒரு இடமே இல்லை என்று பதில் வரும். பிழைச் செய்திகள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வரும், தமிழ்ச் செய்தியை இணையத்தில் தேடினால் விடை கிடைப்பது அரிது. கட்டளைக்கு முன்னால் எல்.சி. ஆல் என்ற மாறிக்கு 'சி' என்ற மதிப்பைக் கொடுத்து ஓட்டினால் அந்த ஒரு முறை மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும், அதை வைத்துத் தேடலாம். டெர்மினலில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிவதற்கும் காரணம் சொல்ல வேண்டும்: டெர்மினல் திரையைக் கட்டம் கட்டமாகப் பார்க்கிறது, 'கொ' மாதிரி மெய்யின் இரு பக்கமும் கொம்பும் காலும் வரும் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. காரணம் தெரியாதவர் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மூன்று, பெயர்கள். பி.டபிள்யூ.டி. என்பது 'பிரிண்ட் வொர்க்கிங் டைரக்டரி', இப்போது நிற்கும் இடத்தைக் காட்டு என்று அர்த்தம். எம்.வி. என்றால் 'மூவ்'. ஆங்கில வாசகருக்கு ஊகிக்க ஒரு பிடி இருக்கிறது. நம்மவருக்கு அவை வெறும் எழுத்துக் கூட்டம். விரித்துச் சொல்ல ஒரு வரி போதும். முனையம், அடைவு, கருனி என்ற சொற்களைப் பயன்படுத்துவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் திரையில் வரும் சொல்லோடு அதை ஒருமுறையாவது சேர்த்துச் சொல்லாமல் விட்டால், வாசகர் படித்தது ஒரு உலகம், பார்ப்பது வேறு உலகம் என்று ஆகிவிடும்.

அப்படியானால் எப்படி எழுதுவது?

நான் எதிர்பார்க்கும் வழிகாட்டியில் ஸ்கிரீன்ஷாட் ஐந்துக்கு மேல் இருக்காது. முதல் அத்தியாயம் பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்ப்பது. வைஃபை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று நிறுவும் முன்பே அங்கே சோதித்துவிடலாம். கூடவே, இயங்குதளம் என்பது வட்டோடு ஒட்டிப் பிறந்தது அல்ல என்பதும் கண்ணெதிரே புரிந்துவிடும். இரண்டாவது அத்தியாயம் வட்டு, பகுதி, ஃபைல் சிஸ்டம், மவுண்ட். சி டிரைவ், டி டிரைவ் என்று பழகியவருக்கு இங்கே ஒரே மரம்தான், பென்டிரைவும் அதில் ஒரு கிளையாகத்தான் வந்து ஒட்டும் என்று காட்டுவது. நிறுவல் அதற்குப் பிறகுதான். அடுத்து அனுமதிகள், பேக்கேஜ்கள், ஓடும் ப்ராசஸ்கள். கட்டளைகள் இந்தக் கருத்துகளுக்கு உதாரணமாக வரட்டும், பட்டியலாக வேண்டாம்.

கடைசி அத்தியாயம் மேன் பக்கங்களைப் படிப்பது எப்படி என்பது. பாஸ்டபிள்யூடி என்று தேடினால் பிரிவு 1-இல் ஒரு கட்டளை, பிரிவு 5-இல் அதே பெயரில் ஒரு கோப்பின் அமைப்பு. இந்த எண்களுக்கு அர்த்தம் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி, பிழைச் செய்தியை மூடிவிட்டு ஓடாமல் முழுசாக ஒருமுறை படிக்கும் பழக்கத்தில் போகும்.

இப்படி ஒரு நூல் விற்குமா, ஆயிரம் பேர் பார்ப்பார்களா என்று கேட்டால், "5 நிமிடத்தில் லினக்ஸ்" அளவுக்குப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பழைய மெஷினில் லினக்ஸ் போட்ட அந்த ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு ஆறு மாதம் கழித்து ஒரு பிழைச் செய்தி வரும். அப்போது பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடாமல், அதைப் படித்து, மேன் பக்கத்தைத் திறந்து, தானே சரிசெய்வார் இல்லையா? அந்த ஒரு நாளுக்காகத்தான் வழிகாட்டி எழுத வேண்டும். மற்றதெல்லாம் நிறுவியே பார்த்துக்கொள்ளும்.